மூலக்கோப்பு எங்கே? இயக்கத்தின் கையிலுள்ள கைப்பேசி குறித்துச் சில சட்டக் குறிப்புகள்

வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டோர் தரப்பில் நிற்கும் வழக்கறிஞர்களாகிய எங்களிடம் வருகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் மனுவை நீட்டுவதில்லை, கைப்பேசியைத்தான் நீட்டுகிறார்கள். "வீடியோ இருக்குங்க" என்று அவர்கள் சொல்லும்போது அதில் ஒரு நம்பிக்கை தெரிகிறது. கண்ணால் கண்டவர் நாளை பிறழ்சாட்சி ஆகலாம், பதிவானது மாறாது என்ற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கை உடைந்துபோன ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறோம்.

பொதுக்குழாயில் குடம் வைத்த பெண்ணைச் சாதிப் பெயர் சொல்லி ஏசி, குடத்தை எட்டி உதைத்தார்கள். அங்கிருந்த கல்லூரி மாணவர் ஒருவர் அதைத் தம் கைப்பேசியில் பதிவு செய்து உடனே வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தார். மாலைக்குள் அது பல ஊர்களுக்குப் பரவியது. அந்த அழுத்தத்தால்தான் முதல் தகவல் அறிக்கையும் பதிவானது. ஆனால் பல மாதங்கள் கழித்து மூலப்பதிவு கேட்கப்பட்டபோது அது இல்லை. நினைவகம் நிரம்பியதால் காணொளியை அழித்திருந்தார். பின்னர் அந்தக் கைப்பேசியையே விற்றுவிட்டு வேறொன்று வாங்கியிருந்தார். எங்களிடம் எஞ்சியது பல கைகள் மாறி வந்த, மங்கிய, நாள் நேரக் குறிப்பு ஏதுமற்ற ஒரு பிரதி. குறுக்கு விசாரணை முழுவதும் எதிர்த்தரப்பு ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டது: மூலக்கோப்பு எங்கே? அந்த மாணவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை, நாங்களும்தான்.

கைப்பேசி நம் இயக்கங்களுக்கு என்ன செய்திருக்கிறது என்பதைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனா அருகே, இறந்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்ட காட்சியை அடித்தவர்களே எடுத்துப் பரப்பினார்கள். அச்சுறுத்துவதற்காகப் பரப்பிய அதே காட்சி பேரெழுச்சிக்குக் காரணமானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்த 2018 மார்ச் 20 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து, ஏப்ரல் 2 அன்று நடந்த பாரத் பந்த், பெருங்கட்சி எதுவும் முன்னின்று அழைக்காமல், பெரிதும் கைப்பேசிகள் வழியாகவே திரண்டது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் 18அ பிரிவைச் சேர்க்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் 2015இல் கொல்லப்பட்ட பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் வழக்கில் முக்கிய சாட்சி பிறழ்ந்த பின்னும் வழக்கு நின்றதற்கு, திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் தெருவில் மக்களைத் திரட்டும் காணொளி வேறு. நீதிமன்றத்தில் நிற்கும் காணொளி வேறு. முதலாவதற்கு வேகம் போதும். இரண்டாவதற்கு அது எங்கே பிறந்தது, யார் கையில் வளர்ந்தது என்ற கதை முழுவதும் வேண்டும்.

சட்டம் என்ன கேட்கிறது

2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. (இந்தப் பெயர்களை உச்சரிக்கத் தமிழ்நாட்டு நீதிமன்றங்கள் இன்னும் திணறுவது தனிக்கதை.) முன்பு 65ஆ பிரிவு கேட்ட சான்றிதழை இப்போது 63ஆம் பிரிவு கேட்கிறது, முன்னைவிடக் கடுமையாகக் கேட்கிறது. சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள். முதற்பகுதியில் கருவியைத் தம் பொறுப்பில் வைத்திருந்தவர் கையொப்பமிட வேண்டும். இரண்டாம் பகுதியில் வல்லுநர் ஒருவர். இரண்டிலும் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பு குறிக்கப்பட வேண்டும்.

ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை என்று கொள்ளலாம். கோப்பில் உள்ள தரவு முழுவதையும் ஒரு கணக்கீட்டுக்கு உட்படுத்தி, எண்களும் எழுத்துகளும் கலந்த ஒரு நீண்ட வரிசையாகச் சுருக்குகிறார்கள். எஸ்.எச்.ஏ-256 என்பது இன்று பரவலாகப் பயன்படும் முறை. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் வரிசை முற்றிலும் மாறிவிடும். இங்கேதான் வாட்ஸ்அப் நம்மைக் கைவிடுகிறது. வழக்கமான முறையில் காணொளியை அனுப்பும்போது வாட்ஸ்அப் அதைச் சுருக்குகிறது. எடுத்த நேரம், இடம், கருவி ஆகிய உட்குறிப்புகளையும் நீக்கிவிடுகிறது. பார்ப்பவருக்கு அதே காட்சிதான். கணக்கீட்டுக்கு அது வேறொரு கோப்பு. அதையே 'ஆவணம்' என்ற தெரிவின் வழியாக அனுப்பினால் கோப்பு மாறாமல் போய்ச் சேரும். இந்த ஒரு வேறுபாட்டை ஊர்தோறும் ஒருவர் அறிந்திருந்தாலே எங்கள் வேலையில் பாதிச்சுமை குறையும்.

மூலக் கைப்பேசியையே முன்னிலைப்படுத்துவது இன்னொரு வழி. கருவியின் உரிமையாளரே கூண்டேறி, இது என்னுடையது, இதில்தான் பதிந்தேன் என்று சாட்சியம் சொல்லி மூலக்கருவியை ஒப்படைத்தால் சான்றிதழ் தேவையில்லை என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. எனவே அதை மட்டும் நம்பியிராமல் சான்றிதழையும் தயாராக வைப்பதே அறிவுடைமை என்பது எங்கள் கருத்து. எப்படியாயினும், கைப்பேசி விற்கப்படாமல், துடைக்கப்படாமல் இருந்தால்தான் அந்த வழி திறந்திருக்கும்.

ஆகவே நாங்கள் களத்தில் சொல்வது இது. எடுத்த அன்றே கைப்பேசியைக் கணினியுடன் கம்பிவழி இணைத்து, கோப்பை இரண்டு பென் டிரைவ்களில் படியெடுங்கள். விண்டோஸ் கணினியில் கூடுதல் மென்பொருள் இன்றி ஒரே கட்டளையில் ஹாஷ் மதிப்பைப் பெறலாம். அந்த வரிசையை உங்கள் வழக்கறிஞருக்கு அன்றே மின்னஞ்சல் செய்துவிடுங்கள். இன்ன நாளில் இந்தக் கோப்பு இதே வடிவில் இருந்தது என்பதற்கு அந்த மின்னஞ்சலின் நாளும் நேரமும் பின்னாளில் துணை நிற்கும். கூகுள் போட்டோஸில் சேமிப்பவர்கள் 'மூலத்தரம்' என்ற தெரிவை வைத்திருக்க வேண்டும். இடத்தை மிச்சப்படுத்தும் மற்றத் தெரிவு கோப்பைச் சுருக்கிவிடும். நாளும் நேரமும் தானாக அமையும்படி கைப்பேசியை வைத்திருங்கள். மூலக்கோப்பை வெட்டவோ, அதன்மேல் எழுத்தோ இசையோ சேர்க்கவோ வேண்டாம். பரப்புரைக்கு வேண்டுமானால் தனிப்படி எடுத்து அதில் செய்துகொள்ளலாம்.

எடுக்கும் முறையிலும் சட்டம் ஒளிந்திருக்கிறது. இழிவுபடுத்தல் குறித்த 3(1)(ஆர்), சாதிப் பெயர் சொல்லி ஏசுதல் குறித்த 3(1)(எஸ்) ஆகிய உட்பிரிவுகள் இரண்டும் செயல் 'பொதுமக்கள் பார்வையில்' நடந்திருக்க வேண்டும் என்கின்றன. 2025 ஜனவரி 31 அன்று லால்குடிக் காவல் துணைக்கோட்டத்தைச் சேர்ந்த ஒரு வழக்கை உச்ச நீதிமன்றம் இரத்து செய்தது இந்தச் சொல்லை வைத்துத்தான். வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் தம் அலுவலக அறைக்குள் ஏசப்பட்டதாகப் புகார். உடன் பணிபுரிவோர் பிறகே வந்தார்கள். எனவே அது பொதுப்பார்வையில் நிகழவில்லை என்பது தீர்ப்பு. தீர்ப்போடு நமக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலிருக்கலாம். பதிவு செய்பவருக்கு அதில் ஒரு பாடம் உண்டு. ஏசுகிறவரின் முகத்தை மட்டும் நெருக்கி எடுக்காதீர்கள். முதலில் இடத்தைக் காட்டுங்கள்: தேநீர்க்கடையின் பெயர்ப்பலகை, குழாயடி, சுற்றி நிற்போர். யார் யார் நின்றார்கள் என்பதைப் பின்னர் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு வையுங்கள். எடுக்கும்போது நீங்கள் பேசாதீர்கள். உங்கள் ஆத்திரச் சொல் ஒன்று பதிவானால் எதிர்த்தரப்பு அதைக்கொண்டே எதிர்ப்புகார் எழுதும்.

காவல் நிலையத்துக்குள் எடுக்கலாமா என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அலுவல் இரகசியச் சட்டத்தின் பொருளில் காவல் நிலையம் 'தடைசெய்யப்பட்ட இடம்' அல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022இல் கூறியிருக்கிறது. தீர்ப்பு நம் பக்கம் இருப்பதும், இரவு ஒன்பது மணிக்கு நிலையத்தில் தனியாக நிற்பதும் ஒன்றல்ல. தனியாகப் போகாதீர்கள் என்பதே எங்கள் முதல் விடை. புகாரை எடுக்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். 173ஆம் பிரிவின்படி புகாரை மின்னணு வழியில் அனுப்பி மூன்று நாட்களுக்குள் நேரில் கையொப்பமிடலாம். அப்போதும் பதியாவிட்டால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566. அழைத்த நேரமும் கைப்பேசியில் ஒரு பதிவுதான். திரைப்படம் எடுத்து வையுங்கள்.

எந்தக் கைப்பேசி

இயக்கத் தோழர்கள் கேட்கும் கேள்விகளில் மிக எளியது இதுதான். பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் திறன்பேசி நம் தேவைக்குப் போதும். கேமராவின் மெகாபிக்சல் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவதாக நிறுவனம் உறுதியளிக்கிறது என்று பாருங்கள். அது நின்றுபோன கருவி பூட்டில்லாத வீடு. நினைவகம் 128 ஜிபிக்குக் குறையக் கூடாது. முழு உயர்தரத்தில் ஒரு நிமிடக் காணொளி ஏறத்தாழ 100 எம்பி இடத்தை எடுத்துக்கொள்ளும். அந்த மாணவர் காணொளியை அழித்தது இடமின்மையால்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டு சிம்களை வெவ்வேறு நிறுவனங்களுடையதாக வையுங்கள். குடியிருப்புகள் ஊரின் விளிம்பில் இருப்பதால் ஏதேனும் ஒரு கோபுரத்தின் சமிக்ஞை அங்கு மெலிந்தே வரும்.

பழைய கைப்பேசி வாங்குவோர் *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை 14422 எண்ணுக்குக் கேஒய்எம் என்ற மூன்றெழுத்தை முன்னால் ஆங்கிலத்தில் இட்டுக் குறுஞ்செய்தியாக அனுப்பி, அது திருட்டுக் கருவியா என்று அறியலாம். திருட்டுக் கைப்பேசி வைத்திருந்ததாக ஒரு களப்பணியாளர் மேல் வழக்கு வருவதற்கு நாமே வழி செய்யக் கூடாது. தவணைக்கு வாங்கிய கைப்பேசியிலும் ஓர் ஆபத்து உண்டு. தவணை தவறினால் தொலைவிலிருந்தே முடக்கும் செயலியைக் கடன் கொடுத்தவர் அதில் பதித்திருக்கக் கூடும். சான்று உள்ளே இருக்க, கதவை வட்டிக்காரர் பூட்டுவதாக ஆகிவிடும்.

பொத்தான் கைப்பேசியை ஒதுக்கிவிடாதீர்கள். 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. குழுக்களையே நம்பியிருந்தவர்கள் அன்று ஊமையானார்கள். குரல் அழைப்பும் குறுஞ்செய்தியும்தான் மிஞ்சின. ஒருவர் ஐவரை அழைக்க, அவர்கள் ஒவ்வொருவரும் வேறு ஐவரை அழைக்கும் தொடர்ப்பட்டியலைத் தாளில் எழுதி வீட்டில் வைத்திருக்கும் இயக்கம் அத்தகைய நாளில் தப்பிக்கும்.

குழு, எண், நிர்வாகி

இயக்கத்தின் எண் யார் பெயரில் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு முன்னாள் பொறுப்பாளரின் பெயரில் இருக்கும். அவர் பிரிந்தால் எண்ணும் பிரியும். மறுநிரப்பு செய்யாமல் நெடுநாள் விட்டுவிட்டால் எண் செயலிழந்து வேறொருவருக்குப் போகும். அவர் வாட்ஸ்அப் தொடங்கினால் அந்தக் கணக்கு அவர் வசமாகும். இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறிலக்க எண்ணை அமைத்து வைப்பதே அதற்குத் தடுப்பு.

குழுவில் சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோரின் எண்ணும் தெரியும் என்பதை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. பெண் தோழர்கள் எண்ணுகிறார்கள். பொதுக்குழுவில் சேர்ந்த இரண்டு நாட்களில் முன்பின் அறியாத எண்களிலிருந்து நள்ளிரவு அழைப்புகள் வந்ததால் இயக்கத்தையே விட்டு விலகியவர்களை அறிவோம். சிக்னல் செயலி 2024 முதல், எண்ணை ஏற்கெனவே சேமித்து வைத்திராதவருக்கு அதைக் காட்டாமல் மறைக்கிறது. பெண்களும் மாணவர்களும் உள்ள குழுக்களை அங்கு மாற்றுவது நல்லது. டெலிகிராம் பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதன் குழு உரையாடல்கள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை. வாட்ஸ்அப்பில் உரையாடல் மறையாக்கம் பெற்றது. ஆனால் கூகுள் சேமிப்பில் போய் விழும் காப்புப்படிக்கு அந்த மறையாக்கத்தை நாமே தனியாக இயக்க வேண்டும்.

நிர்வாகியின் பொறுப்பு பற்றிய அச்சம் அளவுக்கு மீறியது. வேறு உறுப்பினர் இட்ட பதிவுக்காக, நிர்வாகி என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரில் கூறியது. ஆனால் பகிர்ந்தவர் பகிர்ந்ததற்குப் பொறுப்பாவார். இதில் நம்மவர்கள் அதிகம் தவறுவது, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் படத்தையும் பெயரையும் நீதி கேட்டுப் பரப்புவதில். நோக்கம் எதுவாயினும் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தையானால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேரும். தண்டனை ஒரு பக்கம் இருக்கட்டும். அடிபட்டவரின் கோலத்தை ஆயிரம் பேர் பார்க்கும்படி செய்துவிட்டு மானத்துக்காகப் போராடுவதாகச் சொல்ல முடியாது.

தானாக அழியும் செய்திகள் கூட்டத்தின் இடமும் நேரமும் சொல்லப் பொருத்தமானவை. மிரட்டல் வந்த உரையாடலில் அதை இயக்கிவிடாதீர்கள். வழக்கு தொடங்கிய பின் எதையும் அழிப்பது சான்றை அழித்ததாகப் பொருள்படக் கூடும்.

காவல்துறை கேட்டால்

சாட்சியின் கைப்பேசியையும் விசாரணை அதிகாரி 94ஆம் பிரிவின்படி எழுத்துவழி கேட்டுப் பெறலாம். வாய்மொழியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது ஐஎம்இஐ எண்ணும் ஹாஷ் மதிப்பும் குறித்த மகஜரின் நகலைக் கேளுங்கள். தேடுதலும் பறிமுதலும் ஒலி-ஒளிப் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது 105ஆம் பிரிவு. செய்தார்களா என்று கவனியுங்கள், செய்யாவிட்டால் அதையும் எழுதி வையுங்கள். பீமா கோரேகான் வழக்கில் கைது செய்யப்பட்ட ஒருவரின் கணினியில் கோப்புகள் வெளியிலிருந்து செலுத்தப்பட்டதாக அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் ஒன்று 2021இல் அறிக்கை தந்த பின், பறிமுதல் நேரத்து ஹாஷ் மதிப்பை வெறும் தொழில்நுட்ப விவரம் என்று யாரும் ஒதுக்க முடியாது.

பூட்டுக்குக் கைரேகையைவிட எண் நல்லது. கைரேகை கொடுப்பது தனக்கெதிராகச் சாட்சி சொல்வதாகாது என்று 1961இல் காத்தி காலு ஒகாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நினைவிலுள்ள எண்ணைச் சொல்லும்படி குற்றஞ்சாட்டப்பட்டவரை வற்புறுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. 20(3) உறுப்பின் பாதுகாப்பை வாதாடுவதற்கேனும் அங்கு இடமிருக்கிறது.

வீட்டுக்குள் இருக்கும் கண்

நாங்கள் மிகவும் அஞ்சும் வழக்குகளில் கைப்பேசியைப் பறிப்பவர் காவலர் அல்லர், தந்தையும் அண்ணனும். சாதி மறுத்து மணம் செய்துகொள்ளப் புறப்படும் இணையர் சிம்மை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். சிம் மாறினாலும் கருவியின் ஐஎம்இஐ மாறாது. அதைவிட உடனடி ஆபத்து கூகுள் கணக்கு. அந்தப் பெண்ணுக்குக் கைப்பேசி வாங்கித் தந்தபோது கணக்கைத் திறந்து கொடுத்தவரே அண்ணனாக இருப்பார். கடவுச்சொல் அவரிடம் இருக்கும். தொலைந்த கைப்பேசியைத் தேடித்தரும் அதே வசதி, அவர்கள் தங்கியிருக்கும் தெருவை அவருக்குக் காட்டிக்கொடுக்கும். பேருந்துச் சீட்டை இணையத்தில் எடுத்தால் அந்தக் கணக்கின் மின்னஞ்சலுக்கே சீட்டு வந்து விழும்.

ஆகவே எங்களை முன்கூட்டியே அணுகும் இணையரிடம், புறப்படும் முன்பே பழைய கைப்பேசியை அணைத்துவிட்டு, வேறு கருவியில் புதிய கணக்கையும் புதிய எண்ணையும் தொடங்கச் சொல்கிறோம். சாதி மறுப்பு இணையரின் பாதுகாப்புக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. அதைச் சுட்டிக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பும் மனுவில் புதிய எண்ணைக் குறிப்பிடுவதில்லை, வழக்கறிஞரின் எண்ணையே கொடுக்கிறோம். ஆத்திரத்திலும் அச்சத்திலும் பழைய கைப்பேசியை ஆற்றில் எறிந்துவிட்டு வந்தவர்கள் உண்டு. எறிய வேண்டாம். மாமன் அனுப்பிய குரல்செய்தி, "திரும்பி வந்தால் உயிரோடு இருக்க மாட்டாய்" என்ற குறுஞ்செய்தி, எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. சிம்மைக் கழற்றி, அணைத்து, பூட்டு எண்ணைத் தனித்தாளில் எழுதி, உறையிலிட்டு வழக்கறிஞரிடம் ஒப்படைத்து இரசீது பெறுங்கள். எங்கள் அலமாரியில் இப்போது அப்படி மூன்று உறைகள் இருக்கின்றன. மின்கலம் கெட்டுவிடாதிருக்க, அவற்றை உயிர்ப்பிக்காமலேயே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்னேற்றம் செய்து, அந்த நாளை உறையின்மேல் குறித்து வைக்கிறோம்.